ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல

செங்கோடன் மொத மொதல்ல லாரியை எடுத்துக்கிட்டு ஏணிமலை ஏறின அன்னைக்கு, ஒன்பதாவது வளைவுக்கும் பத்தாவது வளைவுக்கும் நடுவுல, அதுவரைக்கும் வெறும் பாறையும் நேர் ரோடுமா இருந்த எடத்துல, புதுசா ஒரு வளைவு வந்து உக்காந்துக்கிச்சு. ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க, நான் பஞ்சர் ஒட்டுறவன். அவன் வண்டிக்குப் பின்னாடியே ஏறின பஸ்ஸுல இருந்த ஜனம் பூரா அதைப் பார்த்திருக்குது. கண்டக்டர் மட்டும் டைமாயிருச்சுன்னு வாய்க்குள்ள முனகிக்கிட்டு வந்தாராம், மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லல. மலைப்பாதையில ஒரு வளைவு கூடறதும் குறையறதும் தலை சுத்தி வாந்தி எடுக்கறவங்களுக்குத்தானே கவலை.

செங்கோடனைப் பத்திச் சொல்லிடறேன். கீழ்நாட்டுல விசைத்தறி ஓட்டிக்கிட்டிருந்த ஆளு. தறியையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டப்போ, அதை ஏத்திக்கிட்டுப் போன லாரியையே பார்த்துக்கிட்டு நின்னு, சரி இனிமே பொழப்பு இதுதான்னு லைசென்ஸ் எடுத்தவன். நாப்பதை எட்டிப் பிடிக்கற வயசு. அத்தாயம்மான்னு ஒரு அம்மா, வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் ஒத்தை லாரியை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தவங்க, அவனை நம்பி வண்டியைக் கொடுத்தாங்க. வண்டியைக் கொடுத்தாங்களே ஒழிய கூட ஒரு கிளீனரைக் கொடுக்கல. இப்பல்லாம் யாருங்க கிளீனர் வெச்சுக்கறாங்க, டிரைவரே தார்ப்பாய் கட்டி டிரைவரே கண்ணாடி துடைச்சு டிரைவரே எல்லாம் பார்த்துக்கறதுதான். ஆனா மலையில கிளீனர் இருந்தா, வளைவுல இறங்கிப் பின்னாடி போய் நின்னு வண்டி பாடியைக் கையால தட்டுவான். தட்டிக்கிட்டே இருந்தா எடம் இருக்குது, வரலாம்னு அர்த்தம். ஓங்கி ஒரு தட்டுத் தட்டிட்டு நிறுத்திட்டா, நில்லுன்னு அர்த்தம். லாரிக்காரங்களுக்கு அதுதான் பாஷை, அந்தப் பாஷையில செங்கோடன்கிட்டப் பேச ஆள் இல்ல.

அன்னைக்கு லோடு இறக்கிட்டுத் திரும்பி வந்தவன் அடிவாரத்துல நாச்சாயி டீக்கடையில உக்காந்தான். நாச்சாயியை எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். ரோட்டை அகலப்படுத்தறோம்னு சொல்லி ஒவ்வொரு தடவை ஜேசிபி வந்து கடையைப் பிரிச்சுப் போடறப்பவும், பத்தடி தள்ளிப் போய் மறுபடி அடுப்பு மூட்டறவ. பக்கத்துலயே என்ற பஞ்சர் கடை, அவ தள்ளத் தள்ள நானும் தள்ளுவேன். செங்கோடன் கிளாஸை வாங்கினான், பாதி டீ அவன் முழங்கால்ல.

"என்னாச்சு தம்பி?"ன்னா நாச்சாயி.

"முன்னால இருக்கறது தெரியுதுங்கக்கா. வண்டி பின்னால எங்க முடியுதுன்னுதான் தெரிய மாட்டேங்குது,"ன்னான். "தறியில நின்னா நாலு மூலையும் கண்ணுக்குள்ள இருக்கும். இது என்னடான்னா, நான் திருப்பி முடிச்சு நிமுந்துட்டேன்னு நெனைக்கறப்போ, அது பின்னால இன்னும் எங்கயோ வளைஞ்சுக்கிட்டே இருக்குதுங்க."

"பழகிரும் தம்பி,"ன்னேன் நான். எல்லாரும் சொல்றதுதான். சொல்றவங்களுக்கு அதுல ஒரு சிரமமும் இல்ல.

அந்த வளைவை ஊரு எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேளுங்க. நெடுஞ்சாலை ஆபீஸ்ல இருந்து ஒரு ஜீப் வந்துச்சு, டேப் பிடிச்சு அளந்தாங்க, மேல பதினாலு வரைக்கும் ஏற்கெனவே மஞ்சப் பலகை நட்டு நம்பர் எழுதியாச்சு, அதையெல்லாம் அழிச்சு எழுதறதுக்கு எவன் பெயிண்ட் கொடுப்பான்னு யோசிச்சு, இதுக்கு மட்டும் ‘ஒன்பது அ’ன்னு ஒரு பலகையை நட்டுட்டு, நாச்சாயி போட்ட டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. கீழ்ப் பஞ்சாயத்து எங்க எல்லை ஒன்பதோட முடிஞ்சுதுன்னுச்சு, மேல் பஞ்சாயத்து எங்களுது பத்துலதான் ஆரம்பிக்குதுன்னுச்சு. ரெண்டு பேரும் எங்களுது எங்களுதுன்னு அடிச்சுக்குவாங்கன்னு பார்த்தா, எங்களுது இல்ல எங்களுது இல்லன்னு அடிச்சுக்கிட்டாங்க, ஏன்னா ஏத்துக்கிட்டா தெருவிளக்குப் போடணும். பஸ்காரங்க ஒரு ஸ்டாப் சேர்த்துக்கிட்டாங்க. வாந்தி எடுக்கறவங்க ஒரு எலுமிச்சம்பழம் கூடக் கொண்டுவந்தாங்க. கொஞ்ச நாள்ல அது மலை உண்டானப்பவே உண்டான வளைவு மாதிரி ஆயிருச்சு.

அந்த வளைவுக்கு உள்பக்கம் நல்ல எடம்ங்க. சமதரை, மேல பாறை நிழல், பாறை இடுக்குல இருந்து ஒழுகற ஊத்துத் தண்ணி, ஏறி வர்ற வண்டிக்கு ரேடியேட்டர் கொதிக்கறதும் சரியா அங்கதான். அடுத்த தடவை ஜேசிபி வந்து நின்னப்போ நாச்சாயி சண்டை போடல, மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் பெஞ்சையும் செங்கோடன் லாரியிலேயே ஏத்திக்கிட்டு ஒன்பது ‘அ’வுக்குப் போயிட்டா. எந்த ஊருலயும் சேராத எடம்னா அது நம்மளுதுதான், வா அம்மாசியண்ணான்னு என்னையும் கூப்பிட்டா. நானும் கம்ப்ரசரைத் தூக்கிக்கிட்டுப் போனேன். பலாப்பழம் விக்கற குடும்பம் ஒண்ணு வந்துச்சு, ரோட்டு ஓரத்துல இருந்து துரத்திவிட்ட இன்னும் நாலு குடும்பம் வந்துச்சு. பட்டா கேக்க ஆள் இல்ல, வாடகை கேக்க ஆள் இல்ல. காலையில எந்திரிக்கறப்போ யாரு வந்து என்ன சொல்லுவாங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்காம நாங்க எந்திரிச்ச எடம், எங்க ஆயுசுல அது ஒண்ணுதான்.

அந்த வளைவு செங்கோடனோட பயம்னு எங்களுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகல. மழை நாள்ல அவன் சிமெண்ட் ஏத்திக்கிட்டு ஹாரன்லயே கையை வெச்சுக்கிட்டு ஏறி வந்தா, அன்னைக்குச் சாயங்காலம் வளைவு இன்னும் ரெண்டு கட்டில் போடற அளவுக்கு அகலமாயிருக்கும். வெறும் வண்டியில வெயில் நாள்ல வந்தா அவ்வளவா இருக்காது. காய்ச்சல்ல அவன் வராம கெடந்த நாள்ல, கூடவும் இல்லாம குறையவும் இல்லாம அப்படியே இருந்துச்சு. அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு நடையும் எங்ககிட்ட வண்டியை நிறுத்தி, டயருக்குக் கல்லு வெச்சுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்து பெஞ்சுல உக்காருவான். தன்னோட நடுக்கத்துல ஏழு குடும்பம் அடுப்பு வெச்சுப் பொங்கித் திங்கறதைப் பார்க்க அவனுக்குக் கூச்சமா இருந்திருக்கும் போல. நல்ல டீயா ஒண்ணு போட்டுக் கொடுப்பா நாச்சாயி, காசு வாங்க மாட்டா.

ஆனா மனுசன் பழகாம இருப்பானா. மழைக்காலம் முடிஞ்சு, பனிக்காலமும் போய், மாசி வெயில் அடிக்க ஆரம்பிச்சப்போ, அவன் கையில கிளாஸ் கொஞ்சம் நிலையா நிக்க ஆரம்பிச்சுது. அந்த வாரமே நாச்சாயி கடைப் பின்தட்டியை வந்து பாறை உரசுச்சு. நான் கம்ப்ரசரை நகத்தினேன், பலாப்பழக்காரங்க குடிசையை இழுத்துக் கட்டினாங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி நகத்தினோம். ஜேசிபிகிட்ட பத்தடி பத்தடியாத் தள்ளிப் போன மாதிரியே இங்கயும் ஆகிப்போச்சு. ஜேசிபியையாவது திட்டலாம், பாறையை என்ன பண்றது.

சும்மா விட்டுருவமா நாங்க. அவன் வந்து உக்காந்தா, நான் டயரைக் கழட்டிக்கிட்டே ஒரு கதை சொல்லுவேன். அந்த வளைவுல பிரேக் பிடிக்காம போன வண்டி, இந்தப் பள்ளத்துல உருண்ட வண்டி, பின்சக்கரம் அந்தரத்துல தொங்கின வண்டி, பாதி நடந்தது, பாதி நான் கட்டினது. பலாப்பழக்காரரு தன் பங்குக்கு ஒண்ணு எடுத்துவிடுவாரு. செங்கோடன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, சரிங்கண்ணா சரிங்கண்ணான்னு எந்திரிச்சுப் போவான். அவனும் தன்னால ஆனதைப் பண்ணியிருக்கறான். தூங்காம வந்திருக்கறான், பள்ளத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு ஓட்டியிருக்கறான், பயம் போயிறக் கூடாதுன்னு. கண்ணுக்குக் கீழ கருத்துப்போய், கழுத்து எலும்பெல்லாம் தெரிய, பயப்படறதுக்கும் தெம்பில்லாம ஒரு மனுசன் பயப்பட்டுக்கிட்டிருந்தான். நாச்சாயி மட்டும் எங்க கதையில சேர மாட்டா, பாத்திரத்தை ஓசைப்படுத்திக் கழுவிக்கிட்டிருப்பா.

ஒரு மத்தியானம் அவனே பேச்சை எடுத்தான்.

"அக்கா, இது குறைஞ்சுக்கிட்டே போகுதுங்க. நானும் பிடிச்சு வெக்கறேன், நிக்க மாட்டேங்குது. இன்னும் பத்து நடை போனா சுத்தமாப் போயிரும்."

நான்தான் சொன்னேன், எல்லாரும் மனசுல நெனைச்சுக்கிட்டிருந்ததைத்தான் சொன்னேன். "நீ காய்ச்சல்ல கெடந்தப்போ இது அப்படியே இருந்துச்சு தம்பி. இத்தோட ஓட்டறதை நிறுத்திட்டா, இருக்கறது இருந்துக்கும். நீயும் இங்கயே ஒரு கடையைப் போட்டுக்க. எங்களோட ஒருத்தனா இரு."

நாச்சாயி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கல. ஆனா அவளும் வேண்டாம்னு சொல்லல. அவளுக்கும் எடம் வேணுமே. செங்கோடன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான், கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தான், அப்புறம் பெஞ்சுலயே காலை நீட்டிப் படுத்துட்டான். அப்படி ஒரு தூக்கம் தூங்கி நான் யாரையும் பார்த்ததில்ல. அத்தாயம்மா போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நாச்சாயி எடுத்து, தம்பிக்கு ஒடம்பு சரியில்லீங்கன்னு சொன்னா.

நாங்க நெனைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. ஓட்டற வரைக்கும் அவன் பயத்துக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கற வேலை இருந்துச்சு, கிளட்ச் மிதிக்கற வேலை இருந்துச்சு. இப்போ அதுக்கு ஒரு வேலையும் இல்ல, தின்னுட்டுத் தூங்கித் தின்னுட்டுத் தூங்கி ஊத ஆரம்பிச்சுது. தூரத்துல ஒரு வண்டி கியர் மாத்தற சத்தம் கேட்டாலே அவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், அடிச்சுக்கறப்போ வளைவு இன்னும் கொஞ்சம் அகண்டுக்கும். மொதல்ல எங்களுக்குச் சந்தோசம். நாச்சாயி கடைக்கு வாசலும் கொல்லையும் வந்துச்சு, எனக்கு டயர் அடுக்கத் தனியா எடம், பலாப்பழக்காரங்க வெள்ளாடு வாங்கிக் கட்டினாங்க. அப்புறமும் அது நிக்கல. காலையில வளைவுக்குள்ள நுழைஞ்ச பஸ் மத்தியானம்தான் வெளிய போச்சு. அப்புறம் சாயங்காலம். ஸ்டீயரிங்கை ஒடிச்சுப் பிடிச்ச கையை எடுக்கவே முடியலீங்கன்னு அழாத குறையாச் சொன்னாரு அந்த டிரைவரு. அத்தாயம்மா அனுப்பிவிட்ட வேற டிரைவரு, லாரி நிக்கற எடத்துக்கே வந்து சேர முடியாம, வளைஞ்சு வளைஞ்சு சலிச்சுப்போய்த் திரும்பிட்டானாம். நெடுஞ்சாலை ஜீப்பு மட்டும் வந்துச்சு, பாதை மாற்றப்பட்டுள்ளதுன்னு ஒரு பலகையைக் கீழ நட்டுட்டு அதுவும் போயிருச்சு. பஸ்ஸு, லாரி, பால் வண்டி எல்லாம் அந்தப் பக்கத்து மலை சுத்தி மேல போக ஆரம்பிச்சுதுங்க.

கண்ணுக்கெட்டின தூரம் சமதரை. பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்கு ஒரு ஊரே வரும். ஊத்துத் தண்ணி எங்கயோ தள்ளிப் போயிருச்சு, கொடத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். பால் இல்ல, கடுங்காப்பி. அதைக் குடிக்கவும் நாங்களேதான். நான் ஒரு டயரைக்கூடத் தொட்டு நாளாச்சு. நாச்சாயி வாசல்ல உக்காந்து ரோடு இருந்த பக்கமாப் பார்த்துக்கிட்டிருந்தவ, "ரோட்டுல இருந்து துரத்தினானுங்கன்னு அழுதோம் அம்மாசியண்ணா. இப்போ ரோடே நம்மள விட்டுட்டுப் போயிருச்சு,"ன்னா. சொல்லிட்டு எந்திரிச்சு நேரா செங்கோடன்கிட்டப் போனா. நானும் பின்னாடியே போனேன். அவன் லாரிச் சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தான், தாடியெல்லாம் வளந்துபோய்.

"வண்டியை எடு தம்பி."

"என்னால ஆகாதுங்கக்கா. இதுக்கு முடிவே தெரியலீங்க. எனக்கே தெரியல, பாருங்க."

"எங்கள ஏத்திக்க. ஒரு நடை."

"எடுத்து வெளிய போயிட்டா இந்த எடம் இருக்காதுங்க." அவன் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான்.

"தெரியும்,"ன்னா நாச்சாயி. "எனக்கு மட்டும் ஆசையில்லாமயா சொல்றேன். ஆயுசு பூரா ஒரு எடத்துல நிம்மதியா அடுப்பு வெக்கணும்னுதான் கெடந்தேன். ஆனா நீ இப்படி உக்காந்திருக்கறதைப் பார்த்துக்கிட்டு அந்த அடுப்புல நான் என்னத்தைப் பொங்க? எடு."

ஏத்தினோம். ஸ்டவ்வு, பெஞ்சு, கம்ப்ரசர், டயருங்க, கட்டில், ஆடு, சட்டி பானை, அதுக்கு மேல நாங்க. கயிறு போட்டுக் கட்டினது செங்கோடன்தான், கட்டின முடிச்சையே மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தான். சிமெண்ட் மூட்டை விழுந்தா விழுந்துட்டுப் போகுது, மேல உக்காந்திருக்கறது ஆளுங்க. அவன் ஸ்டார்ட் பண்ணி மொத கியர் போட்டப்போ நான் இதுவரைக்கும் பார்க்காத அளவுக்குப் பயந்திருந்தான். முன்னால ரோடு நாங்க பார்க்கப் பார்க்க இன்னும் வளைஞ்சு, அதுக்கும் மேல வளைஞ்சு, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம்னு போய்க்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச தூரத்துல வண்டியை நிறுத்திட்டு, ஜன்னல் வழியாத் தலையை நீட்டினான்.

"பின்னால எங்க இருக்குதுன்னு தெரியலீங்கக்கா."

நாச்சாயி பின்பலகை ஓரமாப் போய் உக்காந்து, பள்ளத்தை எட்டிப் பார்த்து, வண்டி பாடியைத் தட்டினா. டப் டப் டப்னு, நிறுத்தாம. எடம் இருக்குது, வரலாம். செங்கோடன் தலையை உள்ள இழுத்துக்கிட்டான், வண்டி நகந்துச்சு. அவ அந்தப் பக்கம் தட்டறதைப் பார்த்து, நான் பாறைப் பக்கமாப் போய் உக்காந்துக்கிட்டுத் தட்ட ஆரம்பிச்சேன். பலாப்பழக்காரரு நடுவுல தட்டினாரு, அவரு சம்சாரம் முன்மூலையில தட்டுச்சு, ஒரு ஆளு பாக்கியில்லாம எல்லாரும் ஆளுக்கொரு பலகையில கையை வெச்சோம். பள்ளத்துக்கு ஒரு சாண் இருக்கறப்போ நாச்சாயி ஓங்கி ஒண்ணு தட்டுவா, வண்டி நிக்கும். அவன் ஒடிச்சு எடுத்ததும் மறுபடி தட்டுவா, மறுபடி வரும். நாலு மூலையிலயும் கை தட்டத் தட்ட, வண்டி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு அவனுக்குக் காதுலயே தெரிஞ்சிருக்கும் போல. தறியில நிக்கறவனுக்குச் சத்தத்தை வெச்சு எந்த மூலையில என்ன நடக்குதுன்னு தெரியாமயா போகும்.

நான் தட்டத் தட்டப் பாறை பக்கத்துல வந்துச்சு. எனக்குப் புரிஞ்சுதான் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும், வண்டிக்குப் பின்னால எங்க தரை கொஞ்சம் கொஞ்சமாப் பாறைக்குள்ள போய்க்கிட்டிருந்துச்சு. என்ற டயர் அடுக்கற எடம் போச்சு, ஆடு கட்டின எடம் போச்சு, நாச்சாயி கடை வாசல்ல அவ சாணி தெளிச்சு வெச்சிருந்த தரை போச்சு. ஒரு கட்டத்துல கை தானா நின்னுருச்சு எனக்கு. நான் நிறுத்தினதும் வண்டியும் நின்னுச்சு. அவன் என்ற தட்டுக்காகக் காத்துக்கிட்டு நின்னான். ஹாரன் அடிக்கல, கூப்பிடல, சும்மா நின்னான். நாச்சாயி திரும்பி என்னைப் பார்த்தா, கண்ணெல்லாம் தண்ணி, ஆனா கை மட்டும் நிறுத்தல. நானும் தட்டினேன்.

பத்துன்னு எழுதின மஞ்சப் பலகை திடீர்னு முன்னால வந்து நின்னுச்சு. திரும்பிப் பார்த்தா பின்னால நேர் ரோடு, ஓரத்துல பாறை, அதுக்குப் பின்னால ஒன்பது. ஒன்பது ‘அ’ப் பலகை மட்டும் ரோட்டு ஓரத்து ஓடையில குப்புறக் கெடந்துச்சு. செங்கோடன் இறங்கி, டயருக்குக் கல்லு வெச்சுட்டு, அங்கயே ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டான். நாச்சாயி ஸ்டவ்வை இறக்கிப் பத்த வெச்சு ஒரு கடுங்காப்பி போட்டுக் கொடுத்தா. அவன் கை நடுங்கத்தான் செஞ்சுது, ஆனா கீழ சிந்தல.

இப்போ அவன் வாரத்துக்கு நாலு நடை ஏறி இறங்கறான். பயம் போச்சான்னு கேட்டா, இருக்குதுங்கண்ணா, வண்டிக்குள்ளயே அடங்கற அளவுக்கு இருக்குதுங்கறான். ஒன்பதைத் தாண்டினதும், யாருமே இல்லாத அந்தப் பாறையைப் பார்த்து ஒரு ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவான். அத்தாயம்மா இன்னும் கிளீனர் வெக்கல. நாங்க மறுபடி அடிவாரத்துலதான் கெடக்கறோம், போன மாசம்கூட ஒரு பத்தடி தள்ளினோம். ஒடம்பு முந்தி மாதிரி இல்ல, கம்ப்ரசரைத் தூக்கினா இடுப்புப் பிடிச்சுக்குது.

நேத்து ஒரு புது டிரைவர் காத்து அடிக்க வந்து நின்னான். வடக்க இருந்து வெங்காயம் ஏத்திக்கிட்டு வந்தவன், முப்பது வயசு இருக்கும், மலை ஏறறது இதான் மொத தடவைன்னான். காசை எடுத்து நீட்டின கை வெடவெடன்னு ஆடுச்சு. வண்டியைப் பார்த்தேன், கூட ஆள் இல்ல. நிமுந்து மலையைப் பார்த்தேன். அந்தக் கைக்கு நல்லா அகலமா, ஊத்துத் தண்ணியோட, பாறை நிழலோட ஒரு எடம் கிடைக்கும்னு என் மனசு கணக்குப் போட்டுருச்சு, பொய் சொல்லல. நாச்சாயியும் அந்தக் கையைப் பார்த்துட்டா. ஒரு நிமிசம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அப்புறம் அவ அடுப்பை அணைச்சா. ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, லாரிக்குப் பின்னால போய், பலகையைப் பிடிச்சு ஏறி உக்காந்து, "நீ பாறைப் பக்கம் உக்காரு அம்மாசியண்ணா,"ன்னு சொல்லிட்டுத் தட்ட ஆரம்பிச்சா.